மட்டாஞ்சேரியின் மதுச் சாடிகள்

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குச் செல்ல இருவழிகள் உள்ளன. பாலங்களின் மேலாகப் பேருந்தில் செல்லலாம். காயலின் மேலாகப் படகில் செல்லலாம். நேரம் மிச்சம் என்றெண்ணிப் பேருந்தில் ஏறுவோர் ஊரின் முதுகைக் கண்டு திரும்புகின்றனர். படகில் வருவோருக்கே முகம் தெரியும். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024 முதல் வாட்டர் மெட்ரோ என்னும் மின்சாரப் படகு ஓடுகிறது. உட்புறம் குளிர்ச்சி, ஓசை மிகக் குறைவு. ஆயினும் பழைய சர்க்கார் படகின் மரப்பலகையில் அமர்ந்து, டீசல் புகையையும் உப்புக் காற்றையும் ஒருங்கே நுகர்ந்து செல்வதில் உள்ள இன்பம் இதில் இல்லை என்பது என் கருத்து. வேறு கருத்துடையோரும் இருப்பர்.

1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சி முகத்தைத் திறந்துவிட்டது என்பர். அதன்பின் இங்கு வராதவர் யார்? 1500-இல் போர்த்துக்கீசியர் வந்தனர். 1663-இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினர். 1795-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரை விரட்டினர். அவர்கள் எல்லாரும் போய்விட்டனர். கொங்கணியரும், குஜராத்தியரும், கச்சி மேமன்களும், தமிழரும் மட்டும் போகாமல் கடைத்தெருவிலேயே நிலைத்துவிட்டனர். பஜார் சாலையில் நடந்தால் சுக்கும் மிளகும் ஏலமும் கலந்த மணம் மூக்கைத் துளைக்கும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடையின் முன் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் அரண்மனையின் இராமாயண ஓவியங்களைப் பற்றி எழுதுவர். யூத ஜெபாலயத்தின் நீலச் சித்திரச் சீன ஓடுகளைப் பற்றி எழுதுவர். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. எனினும் யான் இங்கு எழுதப் புகுவது வேறொன்று. இவ்வூர் வீடுகளின் இருண்ட மூலைகளில், வாயில் வெள்ளைத் துணி கட்டி, யாரும் அசைக்காதபடி வைக்கப்பட்ட சாடிகளைப் பற்றியது இது. மலையாளத்தில் அவற்றைப் பரணி என்பர். ஊறுகாய்க்கும் அதே பரணி, மதுவுக்கும் அதே பரணி. குடும்பப் பத்திரிகையில் மதுவைப் பற்றி எழுதலாமா என்று நம் அன்பர்களுள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். குடிப்பழக்கத்தைப் பற்றி அன்று, வீட்டில் ஒரு பொருளைப் புளிக்க வைத்துப் பக்குவப்படுத்தும் கலையைப் பற்றியே எழுதுகிறேன். அதில் நம் வீட்டுப் பெண்டிர் அனைவரும் வல்லவர்களே என்பது பின்னர் விளங்கும்.

யூதத் தெருவிலிருந்து தொடங்குவோம். பரதேசி ஜெபாலயம் 1568-இல் கட்டப்பட்டது. அரண்மனைக்கும் அதற்கும் இடையே ஒரு சுவர்தான். கொச்சி மன்னர் தம் கோயிலின் அருகிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். மணிக்கூண்டு 1760-இல் எழுந்தது. 1968-இல் நானூறாம் ஆண்டு விழா நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. இன்று தெருவின் இருமருங்கும் பழம்பொருள் கடைகளும் வாசனைப் பொருள் கடைகளுமே உள்ளன. முன்பு அவை வீடுகள். வெள்ளிக்கிழமை மாலை, கதிரவன் மறையும் முன்னர், அவ்வீடுகளில் விளக்கேற்றி, கிண்ணத்தில் மது வார்த்து, வீட்டுத் தலைவர் வாழ்த்துரை ஓதி ஓய்வுநாளை வரவேற்பார். பாஸ்கா பண்டிகையின் இரவில் ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் அருந்த வேண்டும் என்பது விதி.

இங்குதான் சிக்கல். அம்மதுவை யூதரே செய்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய மது உதவாது. திராட்சையோ மலையாளக் கரையின் மழையில் விளைவதில்லை. ஆண்டில் பாதி நாள் ஈரம் சொட்டும் நிலத்தில் திராட்சைக் கொடி பூஞ்சை பிடித்து அழுகும். இத்தனைக்கும் பல நூற்றாண்டுகளாக ஒரு வாரமும் தவறாமல் கொச்சி யூதர் வாழ்த்துரை ஓதி வந்தனர். எவ்வாறு? பாரசீக வளைகுடாவிலிருந்து மிளகு வாங்க வரும் மரக்கலங்கள் பேரீச்சையையும் உலர்ந்த திராட்சையையும் கொண்டுவந்தன. உலர்ந்த திராட்சையை ஊறவைத்து எடுக்கும் சாறும் மதுவே என்று அவர்களுடைய பழைய அறநூலோர் ஒப்புக்கொண்டிருந்தனர். அது போதுமாயிருந்தது. இத்தனைக்கும் கொச்சியில் ரப்பி என்று பட்டம் பெற்ற குருமார் இருந்ததில்லை. வீட்டுப் பெரியோரும் பெண்டிருமே விதிகளை மனத்தில் வைத்துக் காத்தனர்.

பொதுவான முறை இது. திராட்சையைக் கழுவி, நறுக்கி அல்லது நசுக்கி, காய்ச்சி ஆறிய நீரில் ஊறவைத்துச் சாடியில் இடுவர். நாள்தோறும் மரக் கரண்டியால் கிளறிவிட, இரண்டு மூன்று நாட்களில் நுரை எழும்பும். கொச்சியின் வெப்பம் முப்பது பாகையை ஒட்டியே இருப்பதால் குளிர்நாடுகளில் வாரங்கள் ஆவது இங்கு நாட்களில் ஆகிவிடும். நுரை அடங்கியபின் துணியில் வடிகட்டுவர். பாஸ்காவுக்கு முன் வீடு முழுவதையும் ஒட்டடை அடித்து, பாத்திரங்களை விளக்கி, மாவின் ஒரு துகள்கூட இல்லாதபடி தூய்மை செய்து, அதன்பின்னரே பண்டிகைக்கான மதுவை எடுப்பர். ஏனெனில் அப்பண்டிகையில் புளித்த தானியம் எதுவும் வீட்டில் இருத்தலாகாது. ரொட்டி ஆகாது, பீரும் ஆகாது, அது தானியத்தின் புளிப்பாதலால். பழத்தின் புளிப்புக்குத் தடையில்லை. புளிப்பில் இத்துணை நுண்ணிய பாகுபாடு செய்த சமயம் வேறு உண்டோ என்று தோன்றியது.

1948-இல் இஸ்ரேல் தோன்றியது. அப்போது கொச்சிப் பகுதியில் யூதர் ஏறத்தாழ 2,500 பேர். 1950-களின் நடுவிலேயே பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறிவிட்டனர். நெகேவ் பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள நெவாதிம் போன்ற சிற்றூர்களில் குடியேறிக் கோழி வளர்த்தனர், மலர் பயிரிட்டனர். பரதேசிகள் பின்னர்ச் சென்றனர். இங்கு அவர்களை யாரும் துன்புறுத்தவில்லை. போர்த்துக்கீசியர் காலம் நீங்கலாக அவர்களுக்கு இந்நாட்டில் கேடு நேர்ந்ததில்லை. எனினும் இளைஞருக்கு மணமகள் வேண்டும், வேலை வேண்டும், வழிபாட்டுக்குப் பத்து ஆடவர் வேண்டும். ஒருவர் போனால் எஞ்சியவர்க்கு இருப்பது கடினமாகும்; அது கண்டு இன்னொருவர் போவார். புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யூதத் தெருவில் சித்திரத் தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் என்னும் மூதாட்டியார் 2019-இல் தமது 96-ஆம் வயதில் காலமானார். இன்று அச்சமூகத்தில் எஞ்சியோரை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். வெளிநாட்டுப் பயணிகள் போதிய எண்ணிக்கையில் வந்து சேர்ந்தாலன்றி ஜெபாலயத்தில் கூட்டு வழிபாடு நடப்பதில்லை. பழம்பொருள் கடைகளில் பெரிய பழஞ்சாடிகள் விலைக்கு நிற்கின்றன. அவை எவ்வீட்டுச் சாடிகளோ, எதை ஊறவைத்தவையோ, விற்பவருக்கும் தெரியாது. வாங்கி விமானத்தில் ஏற்றுபவருக்கும் தெரியாது.

பஜார் சாலையில் உலர்பழம் விற்கும் கடை ஒன்றில் தமிழ்ப் பேச்சுக் கேட்டு நின்றேன். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தராசின் பின் அமர்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒயினுக்கு எந்தத் திராட்சை நல்லது?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வீட்டிலே போடப் போறீகளா?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி, தெரிந்துகொள்ளத்தான்."

"அப்படின்னா கேளுங்க. இந்தப் பொன்னிறக் கிஸ்மிஸ் இருக்கே, இது பாயசத்துக்கு. மினுமினுப்புக்காகக் கந்தகப் புகை காட்டியிருப்பாங்க. இதை ஊறப் போட்டுட்டு நுரை வரும் நுரை வரும்னு காத்துக் கிடக்க வேண்டியதுதான். கறுப்புத் திராட்சையை எடுங்க, எண்ணெய் தடவாததாப் பாத்து. நான் வியாபாரம் செய்யறவன், குடிக்கிறவன் இல்லை. ஆனா எது எதுக்கு ஆகும்னு தெரியாம கடை வைக்க முடியுமா?"

அவர் சொன்னது முற்றும் உண்மை. திராட்சையின் தோலில் ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியா நுண்ணுயிர் இயற்கையாகவே ஒட்டியிருக்கிறது. சர்க்கரையை உண்டு, மதுவையும் கரியமிலவாயுவையும் வெளியிடுவது அதன் தொழில். இந்த உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1857-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். அதுவரை உலகம் முழுவதும் மது செய்தவர் எவருக்கும் யார் அதைச் செய்கிறார் என்று தெரியாது. கந்தகப் புகை ஈஸ்ட்டை அடக்கிவிடும். சாடியின் வாயை இறுக மூடாமல் துணி கட்டுவதும் இதனாலேயே: வாயு வெளியேற வழி வேண்டும், கொசுறு ஈக்கள் புகாதிருக்கத் தடையும் வேண்டும். ஈ புகுந்தால் வேறொரு நுண்ணுயிர் வந்து மதுவைக் காடியாக்கிவிடும். அதுவும் வீணன்று, கொச்சியில் மீன் சமைப்போர் அதையும் விடமாட்டார்கள்.

ஃபோர்ட் கொச்சியில் கதை வேறு. இங்கு கிறிஸ்தவர் இல்லங்களிலும் ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களிலும் கிறிஸ்துமஸுக்கு மது ஊறவைப்பது தலைமுறை வழக்கம். இதற்குப் புதிய திராட்சை வேண்டும். அது வருவது நம் நாட்டிலிருந்து! தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை குமுளி மலைப்பாதை வழியாக இறங்கிக் கேரளத்துச் சந்தைகளை அடைகிறது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்த இனம் இது என்பர். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கே மழையில் நனைந்து கிடக்கும் மலை, கிழக்கே தன் நிழலில் திராட்சையை விளைவித்து, அதனை மீண்டும் மேற்கே அனுப்பி வைக்கிறது.

முறையைக் கேட்டறிந்தேன். திராட்சையைக் கழுவித் துடைத்து நசுக்கி, ஏறக்குறைய அதன் எடைக்குச் சர்க்கரை சேர்த்து, காய்ச்சி ஆறிய நீர் ஊற்றுவர். ஒரு பிடி கோதுமை, சிறிது ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஏலம். 21 நாட்கள் நாள்தோறும் ஒரே வேளையில் மரக் கரண்டியால் கிளற வேண்டும், உலோகம் ஆகாது. பின் வடிகட்டி, மேலும் 21 நாட்கள் அசையாது வைத்தால் மண்டி அடியில் தங்கி மேலே மாணிக்கம் போல் தெளியும். நிறம் போதாவிட்டால் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பர். கணக்கிட்டுப் பார்த்தால் நவம்பர் 13-இல் சாடியில் இட்டால் டிசம்பர் 25-க்கு ஆயத்தமாகும். ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை மாறினால் மதுவின் அளவு நூற்றுக்கு ஒரு பங்கு உயரும். 14, 15 பங்கை எட்டுவதற்குள் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் தம் மதுவிலேயே தாம் ஓய்ந்துபோகும். எஞ்சிய சர்க்கரை அப்படியே நிற்கும். ஆகவே வீட்டு ஒயின் பாகு போல் இனிக்கும். கடை பீரைப் போல் இரண்டு மூன்று மடங்கு வலிமையும் உடையதாயிருக்கும். இனிப்பு வலிமையை மறைத்துவிடுவதால் விருந்தினர் சிலர் கேக்குத் துண்டுடன் நான்காம் கிண்ணம் கேட்பர். சிறு கிண்ணத்தில் வார்ப்பதன் காரணம் கருமித்தனம் அன்று.

மேல்நாட்டில் இத்தகைய பொழுதுபோக்கு என்றால் பீர் வடிப்பதே முதலில் நினைவுக்கு வரும். மட்டாஞ்சேரியில் ஏன் அஃது இல்லை? பார்லி இங்கு விளையாது. கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் கொடி குளிர்நாட்டுக்கு உரியது. வீட்டுப் பீருக்கு 20 பாகையை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். அதற்கு மேல் வெப்பம் ஏறினால் ஈஸ்ட் ஆத்திரப்பட்டு வேலை செய்து கெட்ட மணங்களை உண்டாக்கிவிடும். கொச்சியில் வாழ்ந்த வெள்ளையர் அதனைப் பீப்பாயில் கப்பலேற்றித்தான் தருவித்தனர்.

ஆனால் தானியத்தைப் புளிக்கவைத்து மது செய்வது தமிழருக்கு அந்நியமான கலை என்று யாரும் எண்ணிவிட வேண்டா. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் காண்க. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வீட்டிலேயே அரிசியால் மது சமைக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்பட்டுள்ளது. தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளை மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்வரை உறுதியான சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பர். நல்லடை என்று புலவர் சொன்னதை உரைகாரர் நெல்முளை எனப் பொருள்கொள்கின்றனர். பீர் வடிப்போர் முளைகட்டிய பார்லியை மால்ட் என்று சொல்லி இன்றும் செய்வது அதுவே. தானியத்தின் மாச்சத்தை ஈஸ்ட் நேரே உண்ண இயலாது; முளைக்கும் விதையில் ஊறும் நொதியே அதனைச் சர்க்கரையாக்கித் தர வேண்டும். நம் முன்னோர் இந்த வேதியியலைப் பெயர் தெரியாமலே கையாண்டனர். அம்மதுவுக்குத் தோப்பி என்று பெயர். பெயரும் போயிற்று, பொருளும் போயிற்று. வடகிழக்கு மலைநாட்டு மக்கள் அரிசி மதுவை இன்றும் வீட்டில் செய்கின்றனர்.

அதே காலத்தில் யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவும் தமிழகத்தில் புழங்கியது. புறநானூற்றில் நக்கீரர் பாடலில் அதன் குறிப்பு உண்டு. கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச் சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அப்பட்டணமே முசிறி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுகளாக இக்கரையில் மிளகு ஏறியது. திராட்சை ஏதேனும் ஒரு வடிவில் இறங்கியது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். இதைச் சொல்லாமல் விட்டால் படித்துவிட்டு ஆர்வத்தில் யாரேனும் சாடி வாங்கிவிடுவர்.

கேரளம் முழுவதும் இன்று மதுவை ஆளும் சட்டம் கொச்சியில் பிறந்தது. கொல்லம் ஆண்டு 1077-இன் முதலாம் சட்டம். கொச்சி மகாராஜா 1902-இல் கையெழுத்திட்ட அப்காரிச் சட்டம். பாரசீகத்தில் ஆப் என்றால் நீர். காரி என்றால் தொழில். நீர்த்தொழில் என்று எவ்வளவு நாகரிகமாகப் பெயரிட்டிருக்கின்றனர்! 1967-இல் அது மாநிலம் முழுமைக்கும் விரிக்கப்பட்டது. சாராயம், கள், ஒயின், பீர் எல்லாம் அதன் பார்வையில் மதுவே. உரிமமின்றி அவற்றைச் செய்வது குற்றம். தண்டனை பத்தாண்டுச் சிறைவரை செல்லலாம், அபராதம் ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறையாது. தேவாலயங்கள் திருப்பலிக்குரிய மதுவை உரிமம் பெற்றே செய்கின்றன. வீட்டுக் கிறிஸ்துமஸ் சாடிக்கு அத்தகைய உரிமம் எதுவும் இல்லை. நெடுங்காலம் இலாகாவினர் அதனைக் கண்டும் காணாதிருந்தனர். 2019 டிசம்பரில் கலால் இலாகா ஒரு சுற்றறிக்கையில், வீட்டில் ஒயின் செய்வதும் ஜாமீனில் விடமுடியாத குற்றமே என்று எச்சரித்தது. அவ்வாண்டுப் பண்டிகையில் பல வீடுகளில் சாடியை எங்கே வைப்பது என்பதே பெரும் பேச்சாயிற்றாம். 2022-இல் பழங்களிலிருந்து வலிமை குறைந்த மது செய்யும் சிறு தொழிலகங்களுக்கு உரிமம் வழங்க அரசு விதி வகுத்தது. அது தொழில் செய்வோருக்கு. பாட்டியின் பரணி இன்றும் சட்டத்தின் வெளியில்தான் நிற்கிறது.

இச்சட்டம் கொடுமை என்று உடனே தீர்ப்புச் சொல்ல என்னால் இயலவில்லை. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் நின்றால் எதிரே வைப்பீன் தீவு தெரியும். கட்டணப் படகில் சில நிமிடப் பயணம். 1982-இல் ஓணத் திருநாளில் அத்தீவின் கடைகளில் விற்ற சாராயத்தைக் குடித்து 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பலர் கண்ணிழந்தனர். மெத்தனால் என்னும் ஆலை நஞ்சு கலந்த சரக்கு அது. 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் அதே நஞ்சால் மாண்டனர். 2025 ஆகஸ்டில் குவைத்தில், மது முற்றும் விலக்கப்பட்ட நாட்டில், கள்ளத்தனமாக வாங்கிக் குடித்த அயல்நாட்டுத் தொழிலாளர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீட்டை விட்டுக் கடல் கடந்து சென்று, அறையில் ஆறு பேரோடு படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பும் மனிதர் அவர்கள். நம் சங்கக் குடும்பங்களிலும் வளைகுடாவில் உறவினர் இல்லாத குடும்பம் அரிது.

ஆயினும் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பிழை. பழத்தைச் சாடியில் புளிக்க வைப்பதால் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. வைப்பீனிலும் கள்ளக்குறிச்சியிலும் கொன்றது புளிப்பு அன்று; ஆலையிலிருந்து வந்து கலந்த நஞ்சு. காய்ச்சி வடிப்பது என்னும் இரண்டாம் செயலோ தீயோடும் ஆவியோடும் விளையாடுவது. எந்நாட்டிலும் அதனைப் பொழுதுபோக்காகக் கொள்ளல் தகாது. ஊறவைப்பது வேறு, காய்ச்சுவது வேறு, கலப்பது வேறு. நம் சட்டம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது.

பிற நாடுகள் பிரித்துப் பார்த்தன. இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டு உபயோகத்துக்குப் பீர் வடிக்க உரிமம் வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர் இருவர் உள்ள வீடு ஆண்டுக்கு 200 காலன் வரை செய்துகொள்ளலாம், விற்கலாகாது. அந்த அனுமதியிலிருந்தே அந்நாட்டின் ஆயிரக்கணக்கான சிறு பீர்த் தொழிலகங்கள் முளைத்தன. சிங்கப்பூரிலும் அளவு வரையறுத்து இசைவு தரப்பட்டுள்ளது. வளைகுடா நாடுகள் பலவற்றில் சாடியில் திராட்சையை ஊறவைத்தாலே சிறையும் நாடு கடத்தலும் நேரும். ஆகவே நம் அன்பர்கள் எந்நாட்டில் வாழ்கிறார்களோ அந்நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிந்த பின்னரே கைவைக்க வேண்டும். இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்குச் சட்டத்தின் வழித்தோன்றல்கள் இன்னும் தமிழகத்தில் உள்ளன. 1987 முதல் அங்கே கள்ளும் இறக்கலாகாது.

கேரளத்தில் கள் உண்டு. 1996-இல் சாராயத்தை விலக்கியபோதும் கள்ளை விலக்கவில்லை. தென்னம்பாளையில் சொட்டும் நீர் பானைக்குள் விழுந்த கணமே புளிக்கத் தொடங்கும். சுண்ணாம்பு பூசிய பானையாயின் புளியாது நின்று பதநீராகும். காலையில் இனிப்பு, மாலையில் பீரின் வலிமை, மறுநாள் காடி. ஒரே நாளில் மூன்று பிறவி எடுக்கும் பொருள் வேறு எது? கொச்சி இல்லங்களில் அரிசி மாவில் ஓர் அகப்பைக் கள் விட்டு இரவு வைத்திருந்து காலையில் அப்பம் வார்ப்பர். கள்ளின் ஈஸ்ட் மாவைப் பொங்கச் செய்யும். நடுவில் பஞ்சு போலவும் ஓரத்தில் பூவேலைப்பாடு போலவும் வரும். குடிப்பழக்கமே இல்லாத வீட்டிலும் அப்பத்துக்குக் கள் வரும். அதை யாரும் குடி என்று சொல்வதில்லை.

இட்லி மாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக உள்ள நுண்ணுயிர்கள் இரவோடு இரவாக வேலை செய்து வாயுவையும் புளிப்பையும் தருகின்றன. குளிர்நாட்டில் குடியேறிய தமிழ்ப் பெண்டிர், மாவு பொங்கவில்லை என்று வருந்தி, அடுப்புப் பெட்டிக்குள் விளக்கெரிய விட்டும், கம்பளியால் போர்த்தியும் காத்திருப்பதை அறியாதார் யார்? அதே பொறுமைதான், அதே கைப்பக்குவந்தான், வெப்பத்தைப் பற்றிய அதே கவலைதான், திராட்சைச் சாடியைச் சுற்றிவரும் பாட்டிக்கும் உள்ளது. பொங்குவதற்கு இடம்விட்டுப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதையும், பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்துப் புதிய மாவில் கலப்பதையும் நூலில் படித்தவர் நம்மில் எவரும் இலர். கொச்சி யூதப் பெண்டிரும் நூலில் படிக்கவில்லை. தாயும் மகளும் ஒரே சமையலறையில் நிற்கும் வரையில் அது தொடர்ந்தது. மகள் வேறு நாட்டுக்குப் போனபின், நெவாதிமில் கடையில் புட்டி புட்டியாக நல்ல மது கிடைத்தபின், ஊறவைப்பானேன்? இது யார் குற்றமும் அன்று.

மாலை நான்கு மணியளவில் பஜார் சாலையில் வெயில் சாயும். தமிழ்ப் பேச்சை மேலும் கேட்க விரும்புவோர் ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்தின் அருகேயுள்ள சலவைத்துறைக்குச் செல்லலாம். அங்கே வண்ணார் குலத்துத் தமிழர் பல தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றனர். டச்சுக்காரர் தம் படைவீரரின் ஆடைகளை வெளுக்கத் தங்கள் முன்னோரைத் தருவித்தனர் என்பது அவர்கள் கூறும் வரலாறு. அவர்களுடைய கஞ்சிப் பானையில் அரிசிக் கஞ்சி நிற்கிறது. அது துணிக்கு, புளிக்க விடுவதில்லை. உலர்ந்த சட்டைகளைக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து மடித்து வைக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போக்கலாம்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஜெபாலயத்தில் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளரை விடமாட்டார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். அரண்மனை ஓவியங்கள் உள்ள அறை இருட்டாக இருக்கும். கண் பழகும்வரை நிற்க வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் குடை இல்லாமல் போக வேண்டா. உலர்ந்த திராட்சை வாங்குவோர், பாயசத்துக்கா வேறு எதற்கா என்று கடைக்காரர் கேட்டால் பாயசத்துக்கு என்றே சொல்லிவிடுக.